கண்வழி இறங்கிய கசப்பு

கூதிர்ப் பருவத்தின் துயரம் ஆரவாரம் அறியாதது. கார்காலம் இடித்து முழங்கி வரும். வந்த சேதியை ஊருக்கெல்லாம் சொல்லும். கூதிரோ சொல்லாமல் வந்து சுவர்களில் ஈரமாய் அமரும். கதவுகள் உப்பிப் போய்ச் சாத்த மறுக்கும். துவைத்த துணி உலராமல் கொடியிலேயே மக்கல் வாடை அடிக்கும். பகலுக்கும் மாலைக்கும் நடுவே இருந்த வரப்பு கரைந்து, எந்நேரமும் ஒரே சாம்பல் நிறம். வாடைக்காற்று ஜன்னல் ஜன்னலாகத் தட்டி, உள்ளே இருமுகிறவர் எவரெவர் என விசாரித்துக்கொண்டு போகும். பிரிந்தவர் வரவை எண்ணி உருகும் காலம் என்று பழையவர்கள் இதைப் பாடிவைத்தார்கள். பிரியாமல் கண்முன்னே கிடப்பவரே கைநழுவிப் போகும் துயரத்துக்கும் இதுவேதான் காலம்.

பெரிய மருத்துவமனையின் ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், அப்படித்தான் நழுவிக்கொண்டிருந்தார் ஒரு முதிய ரயில் ஓட்டுநர்.

ஆயுள் முழுதும் சிவப்பையும் பச்சையையும் பார்த்தே சோறுண்டவர். எந்திரத்தின் இரைச்சலில் செவிகள் பாதி தேய்ந்தன. ஓய்வுபெற்ற பின், கண்ணழுத்த நோய் இடக்கண்ணை ஓசையின்றித் தின்று தீர்த்தது. மிஞ்சியிருப்பது வலக்கண் ஒன்றே. அதைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவள் மருமகள். கண், காது நோய்களுக்கென்றே அமைந்த வேறொரு மருத்துவமனையில் அவள் செவிலி. அவள் கணவன் கப்பலில் எந்திரம் பார்ப்பவன். கப்பல் கரை தொட்டால்தான் அவன் குரல் வீடு தொடும்.

மூத்த நாத்தனார் இதே ஊரில் தையற்கடை வைத்திருக்கிறாள். பெற்ற மகள் இருக்கையில் அப்பாவுக்கு மருமகள் வீட்டில் என்ன வேலை என்று தொடங்கிய சண்டையில், இரு பெண்களுக்கும் இடையே பேச்சு அற்றுப்போய் மாதங்கள் ஆகின்றன. மாமனார் மூச்சுத் திணறிச் சமையலறை வாசலில் சரிந்ததும், ஆம்புலன்சில் அவர் தலையை மடியில் ஏந்தி மருமகள் இங்கே வந்து சேர்ந்ததும் முந்தாநாள் இரவு நடந்தவை.

விடிந்ததும் செவிலி கைகளைச் சோப்பிட்டுக் கழுவினாள். கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த சிறு பாட்டிலை எடுத்தாள்.

"மாமா, கண்ணைத் திறங்க. சொட்டு விடணும்."

பெரியவர் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் சிரிக்க முயன்றார். "எண்ணெய் விட்டாச்சுன்னா... வண்டிய எடுத்துடலாமா, அம்மாடி?"

"முதல்ல விளக்கு எரியட்டும். அப்புறம் வண்டிய எடுக்கலாம்."

கீழிமையை மெல்ல இழுத்தாள். இமைமயிரில் படாமல், இதழ்மேல் பனி இறங்குவதுபோல, ஒரு துளி இறங்கியது. அடுத்துச் செய்ய வேண்டியதை அவள் விரல் அறியும். மூக்கை ஒட்டிய கண்முனையில் விரலை வைத்துச் சிறிது நேரம் அழுத்த வேண்டும். வீட்டில் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. இங்கேயோ மாஸ்க்கின் விளிம்பு சரியாக அந்த இடத்தில் ஏறி நின்றது. நகர்த்தினால் பெரியவர் துடித்தார். இன்றொரு வேளைதானே என்று பஞ்சால் ஒற்றி விட்டுவிட்டாள். நேற்று இரு வேளையும் அப்படித்தான் எண்ணினாள்.

வார்டு நர்சுகளுக்கு இது தெரியாது. வரிசை வரிசையான கட்டில்களுக்கு நடுவே இரண்டே பேர் பம்பரமாய்ச் சுழன்றார்கள். ஒரு சொட்டுக்காக அவர்களை நிறுத்துவானேன்? தொழில் தெரிந்தவள்தான் பக்கத்திலேயே இருக்கிறாளே!

சொட்டு விட்டதைக் கவனித்த எதிர்க்கட்டில்காரரின் மனைவி, ஒரு பாட்டிலோடு வந்து நின்றாள்.

"நீங்க நர்ஸாம்மா? எங்க வீட்டுக்காரருக்கு இதைக் காதுல விடணுமாம். விட்டா தலை சுத்துதுன்னு என்னையே திட்டுறாரு."

செவிலி பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவு சில்லுன்னு விட்டா சுத்தாம என்ன செய்யும்? உள்ளங்கையில கொஞ்ச நேரம் வச்சிருங்க. காது மேல பார்த்த மாதிரி ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. விட்டதும் எழுந்திருக்க விடாதீங்க."

"அட, சொட்டுதானே! இதுக்கு இவ்வளவு சடங்கா?"

"சொட்டுதானேன்னு லேசா நினைக்காதீங்கம்மா."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று அந்த அம்மாள் கணவனிடம் திரும்பினாள். "ஒருக்களிச்சுப் படுங்க. நான் பேசினாதான் இந்தப் பக்கம் காதைத் திருப்ப மாட்டீங்க. மருந்துக்காவது திருப்புங்க."

வார்டில் சிலர் சிரித்தார்கள். செவிலியும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

டாக்டர் பார்வைக்கு வந்தபோது பெரியவரின் மார்பு துருத்திபோல் ஏறி இறங்கியது. மூச்சின் ஒவ்வொரு இழையிலும் மெல்லிய சீழ்க்கை. மானிட்டரில் நாடியின் எண், படி படியாய்க் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இளம் டாக்டர் அதையே உற்றுப் பார்த்தார். இரவெல்லாம் விழித்திருந்த கண்கள் அவருக்கு.

"மூச்சுக்குழாய் விரியறதுக்கு ஆவி மருந்து கொடுத்துட்டே இருக்கோம். விரிய மாட்டேங்குது. நேத்து நடுவுல கொஞ்சம் தேறினாரு, திரும்ப விழுந்துட்டாரு. நாடி வேற இறங்குது." அவர் செவிலியின் பக்கம் திரும்பினார். "மறுபடியும் கேக்கறேன். வேற என்ன மருந்து எடுத்துக்கறாரு?"

"ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை. அவ்வளவுதான் டாக்டர்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் நெஞ்சில் அந்த நேரம் வேறொன்றும் தோன்றவில்லை. விழுங்குவது மருந்து, ஏற்றுவது மருந்து. கண்ணில் விடுவதோ காலையில் முகம் கழுவுவதுபோல ஒரு கடமை. கைப்பைக்குள் கிடந்த பாட்டில் அவளுக்குக் கண்ணாடிக்கூடு போல, சீப்பு போல ஆகிவிட்டிருந்தது.

"அப்ப இதயத்துலதான் கோளாறுன்னு எடுத்துக்கணும். இப்படியே இறங்கினா நாடி நின்னுடும். சாயங்காலம் கழுத்து நரம்பு வழியா இதயத்துக்குள்ள ஒரு கம்பி இறக்கி, வெளியில இருந்து துடிக்க வைக்கணும். இந்த மூச்சோட அதைச் செய்யறதும் ஆபத்துதான். வேற வழி இல்ல. மகனோ மகளோ கையெழுத்துப் போடணும்."

"மகள் நான்" என்றது வாசலில் ஒரு குரல்.

நாத்தனார் வந்திருந்தாள். ஒரு கையில் ஃபிளாஸ்க். கழுத்தில், கழற்ற மறந்த அளவுநாடா. டாக்டர் சொன்னதை நின்றபடி கேட்டாள். கேட்டு முடித்ததும் கட்டிலின் கால்மாட்டில் பொத்தென்று அமர்ந்தாள்.

அந்தப் பகல் எப்படிக் கழிந்ததென்று இருவரையும் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருத்தி மானிட்டரைப் பார்த்தாள். மற்றவள் அப்பாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதம் சூடேறவில்லை. எண்ணும் ஏறவில்லை. கப்பலுக்குப் போட்ட அழைப்புகள் கடலிலேயே மூழ்கின.

சாம்பல் நிறம் இன்னும் ஒரு மடங்கு அடர்ந்தபோது நாத்தனார் வாய் திறந்தாள். மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த மடை அது.

"நர்ஸ் வீட்டுல இருக்காரு, ராஜா மாதிரி இருப்பாருன்னு தம்பி பெருமையடிச்சான். பார்த்தாச்சு உன் லட்சணத்தை."

"அக்கா, இங்க வேண்டாம்..."

"எங்க பேசறது? உன் வீட்டு வாசப்படி ஏறக்கூடாதுன்னு வச்சிருக்கேன். எங்கப்பாவை உனக்கு என்ன தெரியும்? நான் பாவாடை கட்டின வயசுல, குளிர் வந்தா அவருக்கு இழுப்பு வரும். விடிய விடிய உட்கார்ந்தே இருப்பாரு. வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு வெளியில மூச்சு விட மாட்டாரு. அப்புறம் தானா நின்னு போச்சு. இந்தக் குளிர்ல பொத்திப் பொத்தி வைக்கணும் அவரை. கேட்டியா நீ? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

செவிலி கடிகாரத்தைப் பார்த்தாள். மாலைச் சொட்டுக்கு நேரமாகிவிட்டது. செய்ய ஒரு வேலையாவது இருந்தது. கைகழுவி வந்து, பாட்டிலைத் திறந்து, இமையைத் தொட்டாள்.

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம்மா..."

"இன்னிக்கு விட்டுட்டா கண்ணுல அழுத்தம் ஏறும் மாமா. ஒரே சொட்டு."

"இங்க வந்ததுல இருந்து... அதை விட்டா... தொண்டையெல்லாம் கசக்குது."

அவள் கை நின்றது.

கசப்பு. கண்ணில் விட்டது தொண்டையில் கசந்தால் அது கண்ணில் நிற்கவில்லை. மூக்கோரத்துச் சிறுவாய்க்கால் வழியே இறங்கி, உள்ளே போய், உதிரத்தில் கலந்துவிட்டது. இதைத்தான் அவள் தன் மருத்துவமனையில் நாள்தோறும் பிறர் வீட்டு மனைவியரிடமும் மகன்களிடமும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறாள். 'இந்த இடத்துல அழுத்துங்க. இல்லேன்னா கண்ணுக்குப் போட்ட மருந்து நெஞ்சுக்குப் போயிடும்.' கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் அதே துளி, உதிரத்தில் ஏறினால் நாடியையும் குறைக்கும். இழுப்பு உள்ளவர் மார்பிலோ மூச்சுக்குழாயை இறுக்கிப் பூட்டும். ஆவி மருந்து திறக்கத் திறக்க, காலையும் மாலையும் பூட்டிக்கொண்டிருந்தது அவள் கை.

இழுப்பு உண்டா என்று அவளை எவரும் கேட்டதில்லை. பழைய சொட்டுக்கு அழுத்தம் அடங்காதபோது, தன் மருத்துவமனைக் கண் டாக்டரை அவள் வராந்தாவில் மடக்கினாள். 'நம்ம வீட்டு ஆளா? வரிசையெல்லாம் எதுக்கு?' என்று அவர் நடந்தபடியே புதுச் சொட்டின் பெயரைச் சொன்னார். வரிசையில் நின்ற அயலார் ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும் கேள்வி, சொந்த வீட்டு ஆளிடம் மட்டும் கேட்கப்படாமல் போயிற்று.

பாட்டிலை மூடினாள்.

அப்போது அவள் மனத்துள் ஒரு குரல் எழுந்தது. நச்சரவம் புற்றிலிருந்து தலைநீட்டுவதுபோல் எழுந்தது. 'சொல்லாதே. இனி விடாமல் இருந்துவிடு. போதும். தானே தெளிந்துவிடும், காரணம் ஒருவருக்கும் தெரியாது. வேலை நிலைக்கும். கணவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கலாம். நாத்தனார் வாய்க்கு அவல் கிடைக்காது.'

வராந்தாவின் கோடியில் தள்ளுகட்டிலின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. பெரியவரை அழைத்துப்போக வருகிறார்கள். இல்லாத நோய்க்காக அந்த மூச்சோடு அவரை உள்ளே கிடத்தி, துடிக்கிற இதயத்துக்குள் கம்பியை இறக்கப் போகிறார்கள். அந்த மேசையிலேயே அவர் அடங்கிவிட்டால்?

செவிலி ஓடினாள்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலை அவர்முன் நீட்டினாள். "டாக்டர், இதை நான் விட்டுக்கிட்டிருந்தேன். இங்க வந்தப்புறமும். காலையில கூட. அவருக்குப் பழைய இழுப்பு இருக்காம், இப்பத்தான் தெரியும்."

அவர் பாட்டிலின் பெயரைப் படித்தார். படித்தவர் ஒருகணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டு தடவை கேட்டேனேம்மா!"

"ஞாபகத்துக்கே வரல டாக்டர். இது மருந்துன்னே தோணல."

"நீங்க நர்ஸ்தானே?"

"கண்ணாஸ்பத்திரி நர்ஸ்" என்றாள் அவள். அந்தப் பதில் அவள் நாவில் துளியைவிடக் கசந்தது.

அவர் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. தள்ளுகட்டிலைத் திருப்பி அனுப்பினார். நாடியை உயர்த்தும் ஊசி ஒன்றை எடுத்துவரச் சொல்லிக் கூவினார். ஓடும்போதே திரும்பி, "மருந்து உடம்பை விட்டு இறங்கற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும். பிடிச்சா பிழைச்சுப்பாரு. கண்ணுக்கு வேற என்னன்னு உங்க டாக்டரைக் கேளுங்க" என்றார்.

கைபேசியில் கண் டாக்டரின் குரல் முதலில் உயர்ந்தது, பின் தாழ்ந்தது. "இழுப்பு இருக்குன்னு... சரி, நான் கேட்கல. என் மேலயும் தப்புதான்." மூச்சைத் தொந்தரவு செய்யாத வேறொரு சொட்டின் பெயரைச் சொன்னார். "ஆனா ஒண்ணு. இது முன்னதைவிட வீரியம் கம்மி. அழுத்தம் ஏறிச்சுன்னா அந்த ஒரு கண்ணும் போயிடும். எழுந்து உட்கார முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடு. இந்தத் தடவை வரிசையிலயே வா."

அவள் திரும்பியபோது நாத்தனார் சுவரோடு சுவராய் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"நீயா?"

செவிலி தலைகுனிந்தாள்.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவ நீ. வேலிய நம்பி விட்டோமே... இந்தக் கையால இனி எங்கப்பாவைத் தொடாதே."

"தொடல அக்கா."

"தம்பி வரட்டும். கூட்டிட்டுப் போறேன் அவரை. என் வீட்டுல கஞ்சியக் குடிச்சுக்கிட்டு கிடக்கட்டும்." சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் வழியில் எங்கோ உடைந்தது. கழுத்து நாடாவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

'இழுப்பு உண்டு' என்ற இரண்டே சொற்கள் இத்தனை நாளும் அவள் வாயில்தான் இருந்தன. பேச்சை அறுத்துக்கொண்டதால் அவை தெரு தாண்டி வரவில்லை. செவிலி அதைச் சொல்லவில்லை. சொல்லாததே நாத்தனாருக்குக் கேட்டுவிட்டதென்று அவள் முகம் காட்டியது.

விளக்கேற்றும் வேளையில் மானிட்டரின் எண் ஒரு படி ஏறியது, சறுக்கியது, மீண்டும் ஏறி, அங்கேயே நின்றது. சீழ்க்கை மெலிந்தது. ஆனாலும் டாக்டர் கட்டிலை விட்டு நகரவில்லை. "விடியணும். விடிஞ்சாத்தான் சொல்லுவேன்" என்றார். புதுச் சொட்டை வாங்கிவரச் சொன்னார். அதை வார்டு நர்சின் மருந்துக் குறிப்பில் எழுதவைத்து, வீட்டாரே விடவும் அனுமதித்தார்.

பாட்டில் வந்தது. செவிலி அதை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"குடு, நான் விடறேன்" என்றாள் நாத்தனார் வெடுக்கென்று. பிறகு, குரல் தாழ்ந்து, "எப்படின்னு சொல்லு."

செவிலி கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மற்ற நோயாளிகள் உறங்கத் தொடங்கியிருந்ததால் மெல்லவே சொன்னாள். ஆக்சிஜனின் இரைச்சலில் பெரியவரின் செவிக்கு அது எட்டியிருக்காது.

"கையைக் கழுவிட்டீங்களா? கீழிமையை இழுங்க. சொன்னா அவருக்குக் கேக்காது, மேல பார்க்கத் தாடையத் தொட்டுக் காட்டுங்க. முனை படக்கூடாது."

எத்தனை நுண்ணிய ஊசியிலும் ஒரே முயற்சியில் நூல் கோக்கும் கை அது. இருந்தும் முதல் துளி கன்னத்தில் விழுந்தது. நாத்தனார் உதட்டைக் கடித்தாள்.

"பரவாயில்ல அக்கா. இன்னொண்ணு."

இரண்டாம் துளி கண்ணில் இறங்கியது.

"மாஸ்க்கை ஒரு விரற்கடை இறக்கிக்கிட்டு, மூக்கோரமா அழுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

நாத்தனார் அழுத்தினாள். அவள் கண்ணீர் அப்பாவின் நெற்றியில் சொட்டியது. கால்மாட்டில் நின்ற செவிலி, பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னே கொணர்ந்து, ஒன்றோடொன்று குவித்தாள். தான் எதையும் தொடாத ஒரு நேரத்தில், அந்தக் கைகளுக்கு அதுவொன்றே செய்யக் கிடந்தது. இதழ் அசைந்தது, ஒலி எழவில்லை. ஒளியாய் நின்றவனே, இந்த ஒற்றைக் கண்ணைக் காவாய். மூச்சாய் நின்றவனே, இந்த மார்பை விட்டு நீங்காய். என் கை செய்த பிழையை என் கையோடு நிறுத்துவாய்.

"போதும் அக்கா, எடுங்க."

விரல் விலகியது. பெரியவர் கண்ணைத் திறந்தார். தலைக்கு மேலே விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அவர் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் குனிந்திருந்தாள், அவர் பெற்ற மகள். திறந்த கண்ணால் அவளையே நேராகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு குழாய் செருகிய கையைச் சிரமப்பட்டு உயர்த்தி, அவள் உச்சியில் வைத்தார்.

நாத்தனார் மூச்சை அடக்கிக்கொண்டு நிமிராமல் நின்றாள். கால்மாட்டில் குவிந்த கைகள் குவிந்தபடியே உறைந்தன.

"இப்பக் கசக்கல அம்மாடி" என்றார் அவர். "விளக்குதான் இன்னும் எரியல போல. நீ நல்லா இருக்கணும், மருமகளே. உன் கை நல்லா இருக்கணும்."